மூன்று நாள் ஜெபம்

டிசம்பர் வந்தால் ஊருக்கெல்லாம் பண்டிகை மாதம். அந்த லாண்டரியில் வேலை செய்தவர்களுக்கு அது மெழுகு மாதம்.

ஓட்டல்களில் தினமும் விருந்து நடக்கும். மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். விடிந்ததும் விரிப்புகளைச் சுருட்டி மூட்டை கட்டி அனுப்புவார்கள். உருகி வழிந்து உறைந்த மெழுகும் மூட்டையோடு வரும். துவைத்தால் போகாது. கத்தி முனையால் சுரண்டி, காகிதம் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். எடுக்காமல் இஸ்திரி போடும் ரோலரில் விட்டால் சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது என்று நாற்பது ஐம்பது விரிப்புகளுக்கு மஞ்சள் கோடு இழுத்துவிட்டுத்தான் ஓயும்.

ரோலரில் நின்றவருக்கு ரோலர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினாறு வருடமாக அதே இடம். ஈர விரிப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையைச் சோப்பு மாமா பிடிப்பார். இரண்டு பேரும் ஒரே மூச்சில் உதறி, மடிப்பு விழாமல் உருளைக்கு ஊட்ட வேண்டும். உருளைக்கு முன்னால் ஒரு இரும்புத் தண்டு உண்டு. விரல் பட்டால் மிஷின் நின்றுவிடும். அது புது ஆட்களுக்காக வைத்தது. பழைய ஆட்களின் விரல் அதில் பட்டால் கேவலம்.

அந்த வருடம் ரோலர்காரர் விரல் அதில் நிறையத் தடவை பட்டது.

சோப்பு மாமா யாருக்கும் மாமா இல்லை. முன்னால் சோப்பு போடும் பிரிவில் இருந்தார், அவ்வளவுதான். வாய் ஓயாத மனிதர். ஆனால் ரோலர்காரர் விரிப்பைக் கையில் வாங்கி, கட்டை விரலால் தடவித் தடவி மெழுகைத் தேடும்போது மட்டும் பேச மாட்டார். தன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு மாப்ளே, விடு" என்பார். அப்படித்தான் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாம் தேதி காலை சோப்பு மாமா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மெழுகோடு ஒன்று தப்பிவிட்டது. அவர் திரும்பி வந்து, எதையும் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார். மறுபுறம் துணியை மடித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தும்போது முப்பது விரிப்பு கோடு வாங்கியிருந்தது.

சூப்பர்வைசரம்மா வந்தாள். சோப்பு மாமா முந்திக்கொண்டார்.

"என் தப்பும்மா. நான்தான் பார்க்காம விட்டேன்."

"நீங்க பேசாம இருங்க மாமா. உங்க பக்கம் எதுவும் இல்ல. கோடு இந்தப் பக்கம் விழுந்திருக்கு." அவள் ரோலர்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

கையில் கிடைத்த ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். "இது என்ன கலர்?"

"வெள்ளை."

"இங்க எல்லாமே வெள்ளைதான். அதைச் சொல்றதுக்குக் கண்ணு எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். ரோலர்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பண்டிகை முடியட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டவள் இல்லை. ஒருநாள் அந்த உருளைக்குள் ஒரு கை போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

ரோலர்காரருக்கு இடது கண் சின்ன வயதிலேயே போனது. நரம்பு செத்த கண், அதற்கு வைத்தியம் கிடையாது. வலது கண்ணை வைத்துத்தான் கல்யாணம் பண்ணினார், மகளைப் படிக்க வைத்தார், பதினாறு வருடம் விரிப்பு ஊட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கண்ணில் ஒரு புண் வந்து ஆறியது. ஆறின இடத்தில் கருவிழி மங்கத் தொடங்கியது. "குளிச்ச ரூம்ல கண்ணாடி எப்படி இருக்கும், அப்படி இருக்கு. துடைக்கக் கை போகுது, எங்க துடைக்கறதுன்னு தெரியல" என்று மகளிடம் சொன்னார்.

இறந்துபோன யாராவது கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை வரும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பட்டியலில் பெயரை எழுதினார்கள். முறை வரக் குறைந்தது ஒன்றரை வருடம் ஆகும் என்றார்கள். அது நடந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

மதியம் தைக்கிற அறையில் அவரும் மனைவியும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதே லாண்டரியில் கிழிசல் தைக்கிறவள். எல்லோருக்கும் தையலக்கா. சுற்றிலும் போர்வையும் தலையணை உறையும் குவிந்து கிடக்க, நடுவில் அவளுடைய மிஷின். ரொட்டியைப் பிட்டு அவர் கையில் கொடுத்தாள். கோடு விழுந்த கதை அதற்குள் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னிக்கு மூணாவது நாள். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னிக்கும் தூங்கி விழுந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"நாள் முழுக்க ஆவியில நிக்கறவன். முட்டி போட்டுக் கண்ணை மூடினா தூக்கம் வராம பாட்டா வரும்?"

"ஆண்டவர் சந்நிதியில வரக் கூடாது."

அவர் ரொட்டியை மென்றார்.

அந்த வீட்டில் கடிதத்தை வந்தவுடன் பிரிக்கிற வழக்கம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கடிதத்தைத் தையலக்கா வாசலில் நின்றபடியே கிழித்துப் படித்தாள். குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறோம், முப்பது நாளில் காலி செய்யுங்கள் என்று இருந்தது. அன்றைக்கு அவளால் ஜெபம் பண்ண முடியவில்லை. வாயைத் திறந்தால் ஆண்டவரோடு சண்டைதான் வந்தது. வேறு வீடு கிடைத்தது. ஆனால் அந்த ஒரு நாள் அவளுக்கு ஆறவேயில்லை. இனிமேல் எந்தக் கடிதமும் முதலில் ஆண்டவர் கைக்குத்தான் போகும் என்று முடிவு செய்தாள்.

உறையை வேதப்புத்தகத்துக்குள் வைப்பாள். மூன்று நாள் மாலை ஜெபத்தில் அதை ஒப்புக்கொடுப்பார்கள். மூன்றாம் நாள் ஆமென் சொன்ன கையோடு ரோலர்காரர் பிரிப்பார். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால், அல்லது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவர் தூங்கி விழுந்தால், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. செருப்புக் கடையில் வேலை. ஜெபத்தின்போது முட்டி போடுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சமையலறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பாள். போகவும் மாட்டாள்.

"ஆண்டவர் கவரைப் பிரிக்காமலே படிச்சிடுவாரே. அவருக்கு எதுக்கும்மா மூணு நாள்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அவருக்கு இல்லடி. எனக்கு" என்றாள் அம்மா.

இந்தக் கடிதம் டிசம்பர் ஒன்றாம் தேதி வந்தது. மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை. "ஆஸ்பத்திரி லெட்டர்மா, பிரிச்சுடலாமே" என்று மகள் சொன்னாள். ஏதாவது பரிசோதனைக்குக் கூப்பிட்டிருப்பார்கள், முறை வரத்தான் இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று தையலக்கா உள்ளே வைத்துவிட்டாள். முதல் தடவை மூன்றாம் நாள் ரோலர்காரர் தூங்கிவிட்டார். அடுத்த வாரம் லாண்டரியில் வேலை கூடி இரண்டு பேரும் வீடு வந்து சேரவே நேரமாகி, அந்த எண்ணிக்கையும் கலைந்தது. மூன்றாவது தடவை மறுபடியும் மூன்றாம் நாள் தூக்கம். இது நான்காவது.

அன்று மாலை வெளியே சாரல். ஜன்னலில் மகள் கட்டியிருந்த விளக்குச் சரம் நனைந்து ஒரு பாதி எரியாமல் கிடந்தது. சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு இருவரும் முட்டி போட்டார்கள். தையலக்கா ஜெபிக்க ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க மாட்டாள். தெரு முனையில் இருக்கும் நோயாளியில் தொடங்கி, சபை, பாஸ்டர், லாண்டரி, சூப்பர்வைசரம்மாவின் மூட்டு வலி வரைக்கும் போய், கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். "கிருபையுள்ள பிதாவே, உம்முடைய சமுகத்தில் வைத்திருக்கிற இந்தக் கடிதத்தை" என்று அவள் சொல்லும்போது முழங்கையால் புருஷனை ஒரு இடி இடித்தாள்.

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

ஆமென் சொன்னார்கள். அவர் சமையலறைக் கத்தியால் உறையைக் கிழித்தார். மகளிடம் நீட்டினார். மகள் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, இரண்டு வரியில் நிறுத்திவிட்டாள்.

"படிடி."

"அப்பாவுக்குக் கண்ணு கிடைச்சிருக்கு" என்றாள் மகள். அவள் குரலில் சந்தோஷம் இல்லாததைத் தையலக்கா கவனிக்கவில்லை. "ஸ்தோத்திரம்" என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

"இரும்மா. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். வர்றோம்னு பன்னிரண்டாம் தேதிக்குள்ள போன் பண்ணிச் சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு போட்டிருக்கு."

"இன்னிக்கு என்ன தேதி?" என்றாள் தையலக்கா.

மூன்று பேருக்கும் தெரியும்.

"ஒண்ணாம் தேதி வந்த லெட்டர்மா இது. ஒண்ணாம் தேதி! கையிலயே இருந்துச்சு. நான் சொன்னேனா இல்லையா? பிரின்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"மூணு வாரம் பூஜை பண்ற மாதிரி அதை உள்ள வெச்சுக்கிட்டு... அப்பா கண்ணும்மா அது! யாரோ ஒருத்தர் செத்து, அவங்க வீட்டு ஆளுங்க மனசு வந்து குடுத்த கண்ணு!"

"பாப்பா, போதும்" என்றார் ரோலர்காரர்.

"உங்களுக்குக் கோபம் வரலையாப்பா?"

"வருது."

"யார் மேல?"

அவர் கத்தியைத் தடவி எடுத்து, கழுவும் தொட்டியில் போட்டார். அது எங்கே விழுந்தது என்று காது கொடுத்து நின்றார். தையலக்கா முட்டி போட்ட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை இறக்கப் போனதும் மகள்தான்.

மறுநாள் காலை அரை நாள் லீவு கேட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விடுமுறைக்கு முந்தின நாட்களின் ஆஸ்பத்திரி. பாதி நாற்காலி காலி. வரவேற்பு மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மரம். பட்டியல் பார்க்கிற அறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, யாரோ கொடுத்த கேக்கைக் கரண்டி இல்லாததால் பேனா மூடியால் தின்றுகொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்கோமேய்யா."

"போன் லாக்கர்ல இருக்கும்மா. வேலை நேரத்துல தொடக் கூடாது."

"மெசேஜும் போயிருக்கு. படிக்கலையா?"

"படிக்கத் தெரியும்மா. பார்க்கத்தான் முடியல."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். தையலக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கண்ணு இப்ப..."

"அது காத்திட்டு இருக்காதும்மா. பத்தொன்பதாம் தேதியே அடுத்தவருக்கு வெச்சாச்சு."

தையலக்கா தலையை ஆட்டினாள். ஏதோ விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "ஏன் வரலைன்னு இதுல எழுதிக் குடுக்கணும். ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க. 'கடிதம் கிடைக்கவில்லை'ன்னு ஒண்ணு. 'கிடைத்தது, பதில் தரவில்லை'ன்னு ஒண்ணு. முதல் கட்டத்துல போட்டா உங்க இடம் அப்படியே இருக்கும். அடுத்து வர்றது உங்களுக்கு. ரெண்டாவதுல போட்டா கடைசிக்குப் போயிடும்."

"கடைசின்னா?"

"உங்களுக்கு முன்னாடி நாப்பத்தொரு பேர்." குரலைத் தாழ்த்தினாள். "டிசம்பர்ல பாதி லெட்டர் போய்ச் சேர்றதே இல்லம்மா. யாரும் கேள்வி கேட்கப் போறதில்ல. வெளிய பெஞ்சுல உட்கார்ந்து நிதானமா எழுதிட்டு வாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். பேனாவையும் கொடுத்தனுப்பினாள்.

வராந்தாவில் உட்கார்ந்தார்கள். தையலக்கா தாளை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். லாண்டரியில் மிச்சமாகிற நூலைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவள் அவள். அவளிடம் கொடுக்கிற நூல்கண்டுகளைச் சூப்பர்வைசரம்மா எண்ணிக்கூடப் பார்க்க மாட்டாள், அவ்வளவு நம்பிக்கை.

"என்ன எழுதுற?" என்றார் ரோலர்காரர்.

"பேரு."

"அப்புறம்?"

"கையெழுத்துப் போடுங்க. என் விரல் இருக்கிற இடத்துல."

"எந்தக் கட்டத்துல போட்டிருக்க?"

"போடுங்களேன்."

"எந்தக் கட்டம்னு கேக்கறேன்."

"முதல் கட்டம்."

"நமக்கு லெட்டர் வரலையா?"

"மெதுவாப் பேசுங்க."

"மூணு வாரமா அதுக்கு முன்னாடி முட்டி போட்டிருக்கேன். இன்னும் முட்டி வலிக்குது. வரலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். நான்தானே எழுதறேன். அந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அவர்கிட்ட என்னன்னு பேசுவ?"

"என் வீம்பால என் புருஷன் கண்ணு போச்சு, அதனால பொய் எழுதினேன்னு சொல்லுவேன். தண்டனை குடுத்தா குடுக்கட்டும்." அவள் குரல் உடைந்தது. "என்னாலதானங்க போச்சு. இதையாவது என்னைப் பண்ண விடுங்க."

ரோலர்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு ஆள் தள்ளுவண்டியில் போர்வைக் குவியலைத் தள்ளிக்கொண்டு போனான். அவர்கள் லாண்டரிக்கு வர வேண்டிய போர்வையாகக்கூட இருக்கலாம்.

"நான் தூங்கலை" என்றார்.

"என்னது?"

"அந்த ரெண்டு தடவையும். தூங்கலை. தூங்கற மாதிரி இருந்தேன்."

தையலக்காவுக்கு உடனே புரியவில்லை. "குறட்டை விட்டீங்களே?"

"விட்டேன்."

"ஆண்டவர் முன்னாடி முட்டி போட்டுக்கிட்டு, நடிச்சுக் குறட்டை விட்டீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"பிரிச்சா தேதி இருக்கும்னு தோணுச்சு. கவர் கனமா இருந்துச்சு. பரிசோதனைக்குக் கூப்பிடற லெட்டர் ஒத்தைத் தாளா இருக்கும்." அவர் மெதுவாகப் பேசினார். "பத்துல ஒன்பது பேருக்கு நல்லாப் பிடிச்சுக்கும்னு டாக்டர் சொன்னார். எனக்கு அந்தப் பத்தாவது ஆள் மட்டும்தான் காதுல விழுந்தான். இருக்கிறதே ஒரு கண்ணு. மங்கலா இருந்தாலும் உன் முகம் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுது. அதுல கத்தி வெச்சு அதுவும் போயிட்டா? இன்னும் ஒரு வாரம் தள்ளலாம்னு நினைச்சேன். தள்ளினா ஆளே மாறிடும்னு தெரியாது."

"பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா நீ ஜெபம் பண்ணுவ."

"பண்ணினா என்ன?"

"நீ ஜெபம் பண்ணிட்டா நான் போய்த்தானே ஆகணும்?"

தையலக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். வராந்தாவின் மறுகோடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அடித்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் தைரியமாவா இருந்துச்சு?" என்றாள். "முத்திரையைப் பார்த்ததும் பிரிக்கவே மனசு வரல. மூணு நாளைக்கு அதைப் பார்க்காம இருக்கலாமேன்னுதான் உள்ள வெச்சேன். கலைஞ்சு போனப்ப எல்லாம் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதுக்கு ஜெபம்னு பேர் வெச்சுக்கிட்டேன்."

பிறகு அவள் தாளை இரண்டாக மடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் வேறு தாள் கேட்டாள்.

"ஏம்மா, தப்பா எழுதிட்டீங்களா?"

"ஆமா. லெட்டர் வந்துச்சு."

அந்தப் பெண் வாசலில் நின்ற ரோலர்காரரைப் பார்த்தாள். "ஐயா, யோசிச்சுக்கங்க. நான் தப்பா எதுவும் சொல்லலை. உங்க நல்லதுக்குத்தான்."

"தெரியும்மா. நீங்க நல்லவங்க" என்றார் அவர். "ஆனா நாப்பத்தொரு பேர் இருக்காங்களே. அவங்களும் வீட்டுல கையால தடவித் தடவித்தான் நடந்துட்டு இருப்பாங்க. லெட்டர் வந்தா ஒழுங்காப் பிரிக்கிற ஆளுங்களா இருப்பாங்க."

தையலக்கா இரண்டாவது கட்டத்தில் அடையாளம் போட்டாள். அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். கையெழுத்து கோட்டை விட்டு இறங்கி, கீழே அச்சடித்திருந்த எழுத்தின் மேல் ஏறியது. அந்தப் பெண் முத்திரை குத்தினாள்.

உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்பார்கள். ஒன்றும் வரவில்லை. மாலையில் விஷயம் தெரிந்ததும் மகள், "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்றாள். அதைச் சத்தம் போடாமல் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தன் நம்பரைக் கொடுத்தாள். இனி எதுவானாலும் எனக்குக் கூப்பிடுங்கள், அவர்களை நம்பாதீர்கள் என்று இருவர் காதிலும் விழும்படி சொன்னாள்.

இருபத்திநாலாம் தேதி ரோலர்காரர் தானாகவே சூப்பர்வைசரம்மாவிடம் போய் நின்றார். "எனக்கு மெழுகு தெரியலம்மா. ரெண்டு மாசமாத் தெரியல. மாமா கண்ணுலதான் வேலை செஞ்சேன்" என்றார். அவள் அவரை மறுபுறம் மடிக்கிற இடத்துக்கு மாற்றினாள். சூடாக வெளிவருகிற விரிப்பைப் பிடித்து மடிக்கக் கண் வேண்டியதில்லை, கை போதும். ஆனால் அது புதிதாகச் சேருகிறவர்கள் நிற்கிற இடம். சோப்பு மாமா மிஷின் சத்தத்தைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "மாப்ளே, உன் இடத்துல வந்திருக்கிறவன் துணியை ஊட்டலடா, திணிக்கிறான்!"

பண்டிகை காலை மூன்று பேரும் ஆராதனைக்குப் போனார்கள். வெளியே வந்ததும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். தேதி வந்துவிட்டதா என்று பதினான்கு மாதமாகக் கேட்கிறவர்கள்.

"வந்துச்சு. போயிடுச்சு" என்றார் ரோலர்காரர்.

பாஸ்டர் அவர் கையைப் பிடித்து, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க பாஸ்டர். இது நாங்க பண்ணினது. அவர் லெட்டரைச் சரியாத்தான் அனுப்பினார்."

பாஸ்டர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவே போதும் போல இருந்தது.

வீட்டில் சோறும் கோழியும் மேசைக்கு வந்தன. மகளும் உட்கார்ந்தாள். பண்டிகைச் சாப்பாட்டுக்கு முன்னால் தையலக்கா நீளமாக ஜெபிப்பாள். மகள் அதற்குத் தயாராகி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். தையலக்கா கையைக் கோத்து, தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"இன்னிக்கு நீங்க பண்ணுங்க" என்றாள்.

"நானா?"

"எனக்கு வரலை."

இருபத்தைந்து வருடத்தில் அவர் அந்த மேசையில் ஆமென் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே" என்றார். நிறுத்தினார். "இவளை மாதிரி எனக்குப் பேச வராது. லெட்டர் வந்துச்சு. நாங்க பிரிக்கலை. நான் தூங்கற மாதிரி நடிச்சேன். அது உங்களுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் என்னைத் தட்டி எழுப்பலை. ஏன்னு எனக்குப் புரியல."

மகள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். குறட்டை சமாச்சாரம் அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"எனக்குப் பயமா இருக்கு. இப்பவும் இருக்கு. அடுத்த தடவை கூப்பிடும்போதும் இருக்கும். அப்ப நீங்க என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போங்க. நான் நல்லபடியாச் சொன்னா கேக்கற ஆள் இல்ல." மூச்சு விட்டார். "பத்தொன்பதாம் தேதி அந்தக் கண்ணு யாருக்குப் போச்சோ, அவங்களுக்கு நல்லாப் பிடிச்சுக்கணும். அந்தப் பத்தாவது ஆளா ஆயிடக் கூடாது. இன்னிக்கு அவங்க வீட்டுல இருக்கிறவங்க முகமெல்லாம் அவங்களுக்குத் தெரியட்டும். அப்புறம், அதைக் குடுத்தவங்க. அவங்க வீட்டுலயும் இன்னிக்குச் சாப்பாடு போட்டிருப்பாங்க. ஒரு நாற்காலி காலியா இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சாப்பிடுவாங்கன்னு..."

அவருக்கு வார்த்தை வரவில்லை. தையலக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"போதும். ஆமென் சொல்லுங்க" என்றாள். "சோறு ஆறுது."

"இரு" என்றார் ரோலர்காரர். "நான் இன்னும் முடிக்கல."